எர்த்து அண்ணன் "சரியாயிடுச்சு" என்று சொன்ன வண்டி

விடிவதற்கு முன்னால் வண்டி எடுக்கிறவள் தையலக்கா. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குள் அந்தப் பழைய கார் நிற்கும். உள்ளே கும்மிருட்டு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் துவாரத்தைத் தடவித் தடவித் தேடுவாள். அப்படித் தேடித் தேடியே அந்த இடத்தைச் சுற்றிக் கோழி கிளறியது போலக் கீறல் விழுந்திருந்தது. ஒரு நாள் கார்க் கதவைத் திறந்தபோது, சாவித் துவாரத்தின் தலைமாட்டில் மிளகு பருமனில் ஒரு விளக்கு மஞ்சளாக எரிந்தது. கதவைச் சாத்தியதும் அணைந்துபோனது. திறந்தாள், எரிந்தது. சாத்தினாள், அணைந்தது. சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை திறந்து சாத்திப் பார்த்தாள்.

அந்த வண்டியில் கடைசியாகக் கை வைத்தவர் எர்த்து அண்ணன்தான். ஹாரன் அடிக்கவில்லை என்று விட்டிருந்தாள். அடுத்த முறை பார்த்தபோது கேட்டாள்.

"அண்ணே, சாவி போடுற இடத்துல ஒரு விளக்கு எரியுதே, நீங்க வச்சதா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு பல்பு சும்மா கிடந்துச்சு தங்கச்சி. துண்டு வயரும் கிடந்துச்சு. கீழ கிடந்தா கால்ல குத்தும். அதான் அங்க போட்டு வச்சேன்."

"நான் இருட்டுல தடவுறேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"கீறல்தான் சொல்லிச்சு. நீங்க அங்க வச்சு கோலமே போட்டிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அவர் செய்கிற நல்லது எல்லாம் இப்படித்தான். செய்த இடத்தில் நிற்க மாட்டார்.

அவருடைய ஷெட் பேருந்து பணிமனைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரு பக்கம் டயர்க்காரர், மறுபக்கம் பெயிண்ட் அடிக்கிறவர். நடுவில் நாலு தகரத்தை நிறுத்தி வைத்தது போல இவர் இடம். இன்ஜின் வேலை செய்ய மாட்டார், பிரேக்கைத் தொட மாட்டார். வண்டிக்குள் ஓடுகிற வயர் மட்டும்தான் அவர் கணக்கு. விளக்கு, ஹாரன், வைப்பர், சிக்னல். கழுத்தில் எப்போதும் ஒரு சோதனை விளக்கு தொங்கும். ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர், நுனியில் ஓர் ஊசி. மருத்துவர் நெஞ்சில் குழாயை வைப்பது போல அந்த ஊசியை வயரில் வைப்பார். வைக்கும்போது வாய்க்குள், "ஆண்டவனே, காட்டிக் கொடு" என்பார். பல்பு எரிந்தால் அந்த வயரில் உயிர் இருக்கிறது என்று பொருள்.

யார் என்ன கோளாறு என்று வந்தாலும் அவர் வாயில் முதலில் வருவது, "எர்த்தைப் பார்த்தீங்களா?" என்பதுதான். விளக்குக்குப் போன மின்சாரம் திரும்பி வர வழி வேண்டும். அந்த வழி வண்டியின் இரும்போடு இறுகியிருக்க வேண்டும். அதற்குப் பெயர் எர்த்து. அதையே சொல்லிச் சொல்லி அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சந்தில் ஒருவருக்கும் தெரியாது.

கல்யாணம் கட்டவில்லை. தூரத்து ஊரில் ஓர் அக்கா இருந்தாள், அவ்வளவுதான் சொந்தம். அலமாரியில் வரிசையாகத் தகர டின்கள் இருக்கும். வண்டிகளிலிருந்து கழற்றிய சாமான்களை அவற்றில் போடுவார். சாக்குக்கட்டியால் எழுதியிருப்பார்: "கெட்டது", "சந்தேகம்", "நல்லது". நாலாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. ஆனால் எந்தச் சாமானும் டின் மாறிப் போனதே கிடையாது.

வண்டிகளை "அவ" என்றுதான் சொல்வார். தையலக்காவின் காரின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அவள் புருஷன் இருந்த காலத்திலிருந்து அவர் கைபட்ட வண்டி அது. புருஷன் போன பிறகு அவளே ஓட்டக் கற்றுக்கொண்டு, மருத்துவமனைகளுக்குத் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தைத்து மூட்டை மூட்டையாகக் கொண்டு போய்ப் போட்டாள். மகளின் படிப்பு ஓடியது அந்த வண்டியில்தான்.

அந்த வண்டியில்தான் சிக்னல் கோளாறு வந்தது.

சிக்னல் போட்டால் உள்ளே டிக், டிக் என்று சத்தம் வருமே, அதைப் போடுவது பிளாஷர் என்கிற தீப்பெட்டி அளவு சாமான். பழைய வண்டிகளில் முன்னாலோ பின்னாலோ ஒரு பல்பு எரியாமல் போனால் அந்தச் சத்தம் ஓட்டமெடுக்கும். தையலக்காவின் வண்டியில் வலது பக்கம் போட்டால் அப்படித்தான் ஓடியது.

"அண்ணே, இது வண்டியா, தந்தியாபீஸா?" என்று கேட்டுக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"அவ கூப்பிடுறா தங்கச்சி. எனக்கு ஒரு கண்ணு தெரியல, இறங்கி வந்து பாருன்னு கூப்பிடுறா. வாயில்லாத ஜீவன், வேற எப்படிச் சொல்லுவா?"

அந்தக் காரில் பின் சிக்னல் விளக்குகள் டிக்கியின் மூடியிலேயே பதித்திருக்கும். அவர் டிக்கியைத் திறந்து பார்த்தார். வலது விளக்கு அழகாக மின்னியது. சத்தமும் நிதானமாகத்தான் வந்தது. பல்பை மாற்றினார். ஹோல்டரில் இருந்த துருவைச் சுரண்டினார். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாக மூடியை இறக்கினார். பின்னால் நின்று பார்த்தார், எரிந்தது. அவளும் கிளம்பினாள். மறுநாள் காலையில் மூட்டை ஏற்றி, டிக்கியை மூடி, முதல் திருப்பத்தில் சிக்னல் போட்டால் பழைய ஓட்டம்.

இரண்டாம் நாள் பியூஸைப் பார்த்தார். எர்த்து ஆணியைக் கழற்றித் தேய்த்து முடுக்கினார். டேஷ்போர்டில் இருந்த சுவிட்சுகளை இருபது தடவை அமுக்கி அமுக்கி விட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார் என்று சொல்வார்களே, அப்படித் தேடினார். அவர் பார்க்கும்போது எல்லாம் எரிகிறது. அவள் கொண்டுபோனால் ஓடுகிறது.

மூன்றாம் நாள் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் தங்கள் வண்டிகளை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எர்த்து அண்ணன் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். மருத்துவமனைக்கு நேரமாகிவிட்டது. தையலக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"மூணு நாளா ஒரு டிக் டிக் சத்தத்தைப் பிடிக்க முடியலையா அண்ணே? வேற யார்கிட்டயாவது காட்டிக்கட்டுமா?"

பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ஓட்டுநர்கள் சிரித்துவிட்டார்கள். "எர்த்து அண்ணனுக்கே எர்த்து போச்சுடோய்!" என்றார் ஒருவர். டயர்க்காரர் அங்கிருந்தே, "அக்கா டிக்கியை மூடினா நான் டயர் வெடிச்சிருச்சுன்னு ஓடி வர்றேன். வண்டி பயந்துபோயிருக்கும் அண்ணே, மந்திரிச்சு விடுங்க" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். தையலக்காவும் சிரித்தாள்.

எர்த்து அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து அலமாரிக்குப் போனார். ஒரு புதுப் பிளாஷரை எடுத்துவந்து மாட்டினார். புது மாதிரியான எலெக்ட்ரானிக் பிளாஷர். சிக்னல் போட்டார். டிக், டிக், டிக். கடிகாரம் போல நிதானமாக வந்தது.

"சரியாயிடுச்சு தங்கச்சி" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கழற்றிய பழைய பிளாஷரை "நல்லது" என்று எழுதிய டின்னில் போட்டார். அதை அவள் பார்த்தாள். நல்லதை எதற்குக் கழற்ற வேண்டும் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

வண்டி நகரும்போது ஜன்னல் அருகில் வந்து, "அடுத்த வாரம் ஒருக்கா கொண்டாந்து காட்டுங்க" என்றார்.

"சரியாயிடுச்சுன்னா எதுக்கு அண்ணே?"

"சும்மாதான். காட்டுங்க."

அவள் போகவில்லை. சத்தம் சரியாக இருக்கிறது, பிறகு எதற்குப் போக வேண்டும்?

ஐந்து வாரம் போயிற்று. ஒரு காலை வேளை, டிக்கி நிறைய விரிப்பு மூட்டைகளோடு மருத்துவமனைச் சந்துக்குள் வலது பக்கம் திரும்பினாள். சிக்னல் போட்டாள். டிக், டிக் என்று கேட்டது. வண்டி மூக்கைத் திருப்பியபோது பின்னாலிருந்து வந்த இருசக்கர வண்டி கதவில் மோதிச் சாய்ந்தது. தெரு முழுக்கக் கடிதங்கள் பறந்தன.

விழுந்தவர் தபால்காரர். அவள் வீட்டுக்கே கடிதம் கொண்டுவருகிறவர். இறங்கி ஓடினாள். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, ஒரு சிக்னல் போட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான், மயங்கிவிட்டார்.

"போட்டேனே, தம்பி, போட்டேனே" என்று அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. சுற்றி நின்றவர்கள் கடிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வண்டியைக் காவல் நிலையத்து முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். மூட்டைகளை மருத்துவமனை ஆட்கள் எடுத்துப் போயிருந்ததால் டிக்கி திறந்தே கிடந்தது. வண்டியைச் சோதிக்க வந்த ஆய்வாளர் காதில் பேனா சொருகிய, அதிர்ந்து பேசாத மனிதர். சாவியைப் போட்டு வலது சிக்னலைத் தட்டினார். முன்னால் எரிந்தது. பின்னால் எரிந்தது. உள்ளே டிக், டிக்.

"எல்லாம் நல்லா வேலை செய்யுதேம்மா. அப்ப தப்பு விளக்குல இல்ல, கையில. அவசரத்துல போடாம திரும்பியிருப்பீங்க" என்றார். "திங்கட்கிழமை வந்து, சிக்னல் போடலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"போட்டேன் ஐயா. சத்தம் கேட்டுச்சு."

"சத்தம் கேட்டா விளக்கும் எரிஞ்சிருக்கும். எரிஞ்சிருந்தா அவர் பார்த்திருப்பார்."



மருத்துவமனைக்குப் போனாள். அவள் தைத்த விரிப்பில்தான் தபால்காரர் படுத்திருந்தார். அவர் மனைவி எழுந்து வாசலிலேயே மறித்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் இருபது வருஷமா அடுத்தவங்க கடுதாசியைத் தூக்கிட்டு அலையுறார். ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் பார்த்ததில்ல. அவரா பொய் சொல்லுவார்? தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் மனசு ஆறியிருக்கும். போட்டேன் போட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறீங்களாமே."

வீட்டில் மகள் அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "விடும்மா. நீ அடுப்பை அணைச்சுட்டேன்னு சொல்லிட்டு எரியவிட்டுப் போறவதானே? வேற யோசனையில போடாம விட்டிருப்பே" என்றாள்.

அந்தச் சொல்தான் முள்ளாகத் தைத்தது. போட்டேனா, இல்லையா? தலை சாய்த்தால் டிக், டிக் என்று கேட்டது. அது அன்றைக்குக் கேட்டதா, என்றைக்கோ கேட்டதா? முழங்காலிட்டு, "ஆண்டவனே, நான் பொய்க்காரியா இல்லையான்னு எனக்காவது சொல்லு" என்று கேட்டாள். தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டால் மனுஷி எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

சனிக்கிழமை எர்த்து அண்ணனின் ஷெட்டுக்கு நடந்தே போனாள். குறை சொல்லப் போகவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் மனம் நிற்கும் என்று போனாள்.

"அண்ணே, சிக்னல் போடலைன்னு திங்கட்கிழமை ஸ்டேஷன்ல கையெழுத்துக் கேக்குறாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உள்ள சத்தம் கேட்டா வெளிய விளக்கு எரிஞ்சிருக்கும்தானே?"

அவர் ஒரு வயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். "சத்தம் எப்படிக் கேட்டுச்சு தங்கச்சி? ஓடுச்சா, நிதானமா வந்துச்சா?"

"நிதானமாத்தான்."

"டிக்கில என்ன இருந்துச்சு?"

"மூட்டைதான். எப்பவும் போல ஏத்தி, எப்பவும் போல மூடினேன்."

அவர் கையிலிருந்த சூட்டுக்கோலிலிருந்து புகை போய்க்கொண்டே இருந்தது. வயரின் உறை உருகி நாற்றம் எடுத்தது. அவர் கவனிக்கவில்லை. பிறகு, "நாளைக்கு வாங்க" என்றார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை அண்ணே."

"ஆமா. ஆமா, ஞாயித்துக்கிழமை."

 இவரும் என்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். அந்த நினைப்பில் டயர்க்காரர் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை காவல் நிலையத்தில் காகிதம் தயாராக இருந்தது. ஆய்வாளர் பேனாவைக் காதிலிருந்து எடுத்து நீட்டினார். தையலக்கா வாங்கினாள்.  போடவில்லை என்று எழுதிவிட்டால் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். ஒரு வேளை அதுதான் உண்மையோ என்னவோ.

அப்போது வாசலில் எர்த்து அண்ணன் நின்றார். துவைத்த சட்டை போட்டிருந்தார். ஆனால் கழுத்தில் சோதனை விளக்கு தொங்கியது. முகம் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவர் முகம். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"ஐயா, அந்தக் கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை அந்த டிக்கியை மூடிப் பார்க்கலாமா?"

"நீங்க யாரு?"

"அந்த வண்டிக்கு வயர் வேலை பார்க்குறவன்."

முற்றத்துக்குப் போனார்கள். ஆய்வாளர் சிக்னலைப் போட்டார். திறந்த டிக்கியில் விளக்கு மின்னியது. எர்த்து அண்ணன் தன் வழக்கப்படி மெதுவாக மூடியை இறக்கினார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"எரியுதே" என்றார் ஆய்வாளர்.

"எரியுது ஐயா. என் கையில எப்பவும் எரியும்." பூட்டை மறுபடி திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். "தங்கச்சி, இப்ப நீங்க மூடுங்க. வீட்டுல எப்படி மூடுவீங்களோ அப்படி."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து ஓங்கி அடித்தாள். முற்றத்துச் சுவரில் இருந்த காக்கைகள் பறந்தன. அவர் மூடியபோது அரை விரல் இடைவெளி விட்டு நின்ற மூடி, இப்போது பூட்டின் அடுத்த பல்லில் இறங்கிச் சமமாக உட்கார்ந்தது.

விளக்கு அணைந்துபோனது.

வண்டிக்குள் டிக், டிக், டிக் என்று சத்தம் மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தது.  தையலக்கா அந்த இருண்ட விளக்குக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டிருக்கிறாள். அவள் போட்டிருக்கிறாள். தபால்காரர் அதைப் பார்க்கவும் இல்லை. இரண்டும் உண்மை.

எர்த்து அண்ணன் டிக்கியின் கீலைக் காட்டினார். மூடிக்குப் போகிற வயர்கள் அங்கே ஒரு ரப்பர் குழாய்க்குள் மடிந்து போயின. குழாயைக் கிழித்தார். ஒரு வயர் வெளியே முழுசாக இருந்தது, உள்ளே கம்பி அறுந்திருந்தது. மூடி முழுக்க இறங்கி மடித்தால் நுனிகள் விலகும்; கொஞ்சம் தூக்கினாலும் ஒட்டிக்கொள்ளும்.

"மூணு நாளும் திறந்து வச்சுப் பார்த்தேன். மூடினா மெதுவா மூடினேன். முப்பது வருஷமா எந்த வண்டியையும் நான் அடிச்சு மூடினதில்ல. அதுல ஒரு பெருமை வேற. இவங்க எப்படி மூடுவாங்கன்னு சந்துக்கே தெரியும். டயர்க்காரன் கத்திச் சொன்னான். நான் காதுல வாங்கல."

"இது தெரியாம நடந்தது. ஆனா சத்தம்?" என்றார் ஆய்வாளர். "பல்பு போனா சத்தம் மாறணுமே."

"அது தெரிஞ்சு செஞ்சது" என்றார் எர்த்து அண்ணன்.

பொட்டலத்தைப் பிரித்தார். "நல்லது" டின்னில் போட்ட பழைய பிளாஷர். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து மாற்றி மாட்டினார். வண்டி டிக்டிக்டிக்டிக் என்று ஓட்டமெடுத்தது.

"இதுதான் ஐயா அவ குரல். ஒரு கண்ணு தெரியலன்னு கத்திக்கிட்டே இருந்தா. என்னால கண்டுபிடிக்க முடியல. நாலு பேரு சிரிச்சாங்க. பல்பு எரிஞ்சாலும் எரியாட்டியும் ஒரே மாதிரி அடிக்கிற பிளாஷரைப் போட்டு அவ வாயைக் கட்டிட்டேன். கட்டிட்டு, சரியாயிடுச்சுன்னு சொன்னேன். தெரியலன்னு ஒரு வார்த்தை வரல என் வாயில." சோதனை விளக்கை விரலால் பற்றிக்கொண்டார். "எத்தனை வயர்ல ஊசியை வச்சு, காட்டிக் கொடு ஆண்டவனேன்னு கேட்டிருக்கேன். சனிக்கிழமை இவங்க வந்து நின்னு கேட்டப்பவே காட்டிட்டான். ரெண்டு நாள் நான்தான் வாயைத் திறக்கல. பயம்."

ஆய்வாளர் காகிதத்தைக் கிழிக்கவில்லை. திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். கோளாறு மறைக்கப்பட்டது என்று எழுதினார். எர்த்து அண்ணன் அதன் கீழே தன் நாலாம் வகுப்புக் கையெழுத்தைப் போட்டார்.

அங்கிருந்து அவர் நேராக மருத்துவமனைக்குப் போனார். தையலக்காவும் கூடப் போனாள். கட்டிலருகே நின்று நடந்ததை அப்படியே சொன்னார்.

தபால்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு தையலக்காவைப் பார்த்து, "அப்ப நீங்களும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல" என்றார்.

"அப்ப யாருதான் சொன்னது?" என்றாள் அவர் மனைவி.

"நான்தாம்மா. சரியாயிடுச்சுன்னு சொன்னது நான்."

தபால்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நல்லதுங்க. உண்மை தெரிஞ்சா நிம்மதிதான். ஆனா பழைய காலு திரும்ப வராதுங்களே" என்று சாதாரணமாகச் சொன்னார். எர்த்து அண்ணன் தலையாட்டினார். தாழ்வாரத்தில் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

தையலக்காவுக்கும் நிம்மதி முழுசாக வரவில்லை. பொய்க்காரி என்ற பழி போயிற்று. ஆனால் சிரித்த நாலு பேரோடு தானும் சிரித்தது போகவில்லை. வேற யார்கிட்டயாவது காட்டிக்கட்டுமா என்று கேட்டது போகவில்லை. வாயிலிருந்து போன சொல்லும் வண்டியிலிருந்து தெறித்த கல்லும் ஒன்று.

அதன் பிறகு எர்த்து அண்ணன் பழைய எர்த்து அண்ணனாக இல்லை. வாடகைக் கார்க்காரர்கள் வராமல் போனது வெளியே தெரிந்த காரணம். உள்ளே வேறு ஒன்று நடந்தது. அவரால் ஒரு வண்டியை முடித்துக் கொடுக்க முடியவில்லை. அரை மணி வேலையை முடித்துவிட்டுப் பத்துத் தடவை திறப்பார், பத்துத் தடவை அடித்து மூடுவார், பின்னால் ஓடிப்போய்ப் பார்ப்பார். "ஆயிடுச்சா அண்ணே?" என்று கேட்டால், "தெரியல. இன்னொரு தடவை பார்த்துடுறேன்" என்பார். சாயங்காலம் வரை அதுதான். "அண்ணே, வண்டிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு எடுத்துப் போனவர்கள் உண்டு.  கை வேலை தெரியும், ஆனால் கையை நம்ப முடியவில்லை. ஒரு நாள் டின்களை எல்லாம் டயர்க்காரரிடம் கொடுத்துவிட்டார்.

தையலக்காவின் வண்டிக்கு மட்டும் கீலில் புது வயர் இழுத்து, கொஞ்சம் நீளமாகத் தொய்வு விட்டு, பழைய பிளாஷரையே போட்டுக் கொடுத்திருந்தார். அவள்தான் எடுக்கவில்லை. கொட்டகைக்குள் அது தூசி படிந்து நின்றது. மூட்டைகளை மகளும் அவளும் வாடகை வண்டியில் கொண்டுபோனார்கள்.  டிக்கியை மூட வேண்டும் என்று நினைத்தாலே அந்தக் கடிதங்கள் பறந்தன.

தபால்காரர் எழுந்து நடந்தார், ஆனால் தெருவுக்கு வர முடியவில்லை. உள்ளே உட்கார்ந்து கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை கொடுத்தார்கள். அதனால்தான், எட்டு மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டையைக் கொண்டுவந்தவர் புதுத் தபால்காரர். எர்த்து அண்ணனின் அக்கா யாரையோ வைத்து எழுதியிருந்தாள். "தம்பி தூக்கத்திலேயே போய்விட்டான். உங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பான்." அவ்வளவுதான்.

தையலக்கா அவரைக் கடைசியாகப் பார்த்தது, ஷெட்டை மூடிவிட்டு அவர் தன் அக்காவின் ஊருக்குப் புறப்பட்ட அன்று. ஒரு துணிப்பையோடு காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"வண்டி எடுக்குறதில்லையாமே, தங்கச்சி?"

"பயமா இருக்கு அண்ணே."

"எனக்கும்தான் பயமா இருக்கு. அதான் வந்தேன். பேருந்துக்கு இன்னும் நேரம் கிடக்கு. ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, பார்த்துட்டுப் போறேன்."

மறுக்க முடியவில்லை. கொட்டகையைத் திறந்தாள். டிக்கியில் ஒரு மூட்டையை வைத்து மூடினாள். அவளையும் அறியாமல் மெதுவாக, அவரைப் போலவே மூடினாள்.

"அது என் பழக்கம். அது வேண்டாம்" என்றார். "உங்க பழக்கப்படி மூடுங்க."

ஓங்கி அடித்தாள். தகரக் கொட்டகை அதிர்ந்தது. அவர் முகம் சுளித்ததைப் பார்த்தாள். வண்டிக்கு வலிக்கும் என்ற அந்தப் பழைய சுளிப்பு.

முன்கதவைத் திறந்தாள். சாவித் துவாரத்தின் மேலே மிளகு விளக்கு எரிந்தது. சாவி போட்டாள். வலது சிக்னலைத் தட்டினாள். டிக், டிக். நிதானமாகத்தான் வந்தது. ஆனாலும் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவர் தெரிந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் கைகட்டிக் குனிந்து நின்றார். அவர் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் வந்து வந்து போனது.

"அண்ணே, எரியுதா?" என்று தலையை வெளியே நீட்டிக் கேட்டாள்.

 அவர் இன்னும் நாலு தடவை மின்னும்வரை பார்த்தார். பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"எரியுது தங்கச்சி. ஆனா என் வார்த்தையை வாங்கிக்காதீங்க. இறங்கி வந்து நீங்களே பாருங்க."